தெஸ்லம் தின்ற ரொட்டி

தெஸ்லமுக்குக் கல்யாணமான புதிதில் எங்கள் பாலைவனத்து ஸ்மாரா அகதி முகாம் முழுக்க ஒரே பேச்சு: புலாஹி பெண்டாட்டியைப் பட்டினி போடுகிறான். எங்கள் பக்கத்தில் பெண் என்றால் பூசினாற்போல இருக்க வேண்டும். அவள் மெலிந்தால் மானம் போவது புருஷனுக்கு. தெஸ்லமோ எலும்பும் தோலுமாக இருந்தாள்.

புலாஹி தண்ணீர் லாரி ஓட்டியவன், ரோஷக்காரன். பேசியவர்களோடு சண்டைக்குப் போகவில்லை, ரொட்டி சுட்டான். அவளையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போவான். வேலமரம் கண்ட இடத்தில் நிறுத்துவான். விறகு தணலானதும் மணலைக் குழித்து, பிசைந்த மாவை வெறும் மணலிலேயே கிடத்தி, மேலே தணலும் சுடுமணலும் போட்டு மூடுவான். வெந்ததை எடுத்துத் துணியால் தட்டினால் ஒரு மணல் பல்லில் படாது. அந்த வாசனை இருக்கிறதே, அடடா! ஆட்டுக்கறிச் சாற்றில் பிய்த்துப் போட்டுத் தன் கையாலேயே ஊட்டுவான்.

"தின்னு. ஊர் வாயை அடைக்கணும்."

"அதுக்கு ஏன் மனுஷா என் வாயில திணிக்கிற?"

சிரித்துக்கொண்டே தின்பாள். பொழுது சாய்வதற்குள் வயிறு பானையாய் உப்பும். கூடாரத்துக்குப் பின்னால் ஓடுவாள். கண்ணேறு என்றார்கள். தண்ணீர் சரியில்லை என்றார்கள்; அதற்கும் புலாஹிதான் ஏச்சு வாங்கினான். ரொட்டியை ஒருவரும் சொல்லவில்லை. நிவாரண மாவு மூட்டையை நம்பி உயிர் வாழ்ந்த முகாமில் ரொட்டியை யார் சந்தேகப்படுவார்?

ஒரு மகள் தங்கினாள். அவளுக்கு முன்னும் பின்னுமாக மூன்று பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. கர்ப்பம் என்று தெரிந்த ஒவ்வொரு தடவையும் புலாஹி கூடுதலாக ஒரு ரொட்டி சுட்டான், பாவம்.

ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் தெஸ்லமுக்கு முதலில் வருவது வலியல்ல. லாரி நிழலும், நுரை பொங்கிய தேநீரும், அவன் விரலிடுக்கில் காய்ந்த மாவும்தான். இப்போது லாரியும் இல்லை, அவளுக்கு முடியும் நரைத்துவிட்டது.

போன வருஷம் பக்கத்து வீட்டுக் கலியாதான் பேச்சை எடுத்தாள். "என் பேரனுக்குக் கோதுமை ஆகாதாம்டி. உனக்கும் அதே கூத்துதான். விட்டுத் தொலை." விட்டாள். வயிறு அடங்கியது. சில மாதம் கழித்து, எதற்கும் கேட்டு வைப்போம் என்று மருத்துவமனைக்குப் போனாள். கியூபாவில் படித்து வந்த டாக்டர் சுகைனா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"பெரியம்மா, ரொட்டியை நிறுத்திட்டு வந்தா ரத்தத்துல எப்படித் தெரியும்? ஆறு வாரம் தினமும் தின்னுட்டு வாங்க. ரொம்ப முடியலன்னா உடனே வந்து சொல்லுங்க."

"நல்ல வைத்தியம்! திருடனைப் பிடிக்க வீட்டைத் திறந்து போடச் சொல்றியே மகளே!"

"அதேதான்."

புலாஹிக்குக் கொண்டாட்டம். டாக்டரே சொல்லிவிட்டாரே! வீட்டுக்குப் பின்னால் மணலைத் தோண்டினான். கை நடுங்கினாலும் ருசி மாறவில்லை. அவள் தின்றாள், துடித்தாள், மறுநாளும் தின்றாள். அந்த வாரங்களில்தான் அந்தக் கேள்வி அவளை அரிக்க ஆரம்பித்தது. பகை கோதுமைதான் என்றால், அந்த மூன்று பிள்ளைகள்? தெரிந்துகொள்ளாமல் சாக அவளுக்கு மனமில்லை. ஆனால் பதிலை அவன் கேட்டால் தாங்கமாட்டான்.

ரத்தம் கொடுத்து, முடிவு வாங்கும் நாளில், "நீ வீட்ல இரு, நான் போய்க்கறேன்" என்றாள்.

"ஏன், என்னைக் கட்டி வெச்சிருக்கா?" என்று கூடவே கிளம்பிவிட்டான்.

"ரத்தம் சீலியாக்னுதான் சொல்லுது, கோதுமை குடலுக்கு ஆகாத நோய்" என்றாள் சுகைனா. "உறுதி பண்ணப் பெரிய ஆஸ்பத்திரியில குடலைப் பாக்கணும். என்ன கேக்கணுமோ கேளுங்க."

"வாற்கோதுமைக் கஞ்சி?"

"ஆகாது."

"எல்லாருக்கும் ஆக்குற பானையிலயே எனக்கும் ஆக்கலாமா?"

"தனிப் பானை வேணும்."

"என் மகளுக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். கூட்டிட்டு வாங்க, பாத்துடுவோம். வேற?"

"வேற ஒண்ணுமில்ல மகளே." முந்தியை இழுத்து மூடிக்கொண்டு எழுந்தாள். புலாஹி எழவில்லை.

"மூணு பிள்ளைங்க வயித்துலயே போச்சு" என்றான். "அதுவும் இதாலயா?"

"இருக்கலாம் பெரியப்பா. இதைக் கவனிக்காம விட்டா சிலருக்கு அப்படி நடக்கறதுண்டு. உங்க விஷயத்துல இதனாலதான்னு இனி யாராலயும் சொல்ல முடியாது."

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் ஊட்டினேன்."

அல்லாஹ்வின் நாட்டம் என்று தெஸ்லம் சொல்லியிருக்கலாம், அவனும் தலையாட்டியிருப்பான். அவள் மறுபடி உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தாடையை நீயா அசைச்ச? வலிக்கும்னு தெரிஞ்சேதான் தின்னேன் மனுஷா. நீ சுட்டதாச்சே. யாருக்கு விட மனசு வரும்?"

புலாஹி வாய்விட்டு அழுதான். சுகைனா வெளியே போய், அடுத்து நின்றவர்களைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னாள்.