கறிவேப்பிலைத் தொட்டியில் முளைத்தது

அன்று காலை ரோஜாத் தொட்டியில் பழுப்பாக ஒரு காளான் முளைத்திருந்தது. வழக்கம்போலப் படம் எடுத்து நம் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, ஷமீமா அக்கா என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் எண்ணிலிருந்தே பதில் வந்தது. எழுதியவர் அவர் மகள். "அம்மி காலையில மவுத்தாய்ட்டாங்க." காளான் படத்துக்குக் கீழேயே அந்த மரணச் செய்தி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன்.

ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் அக்காவும் நானும் பதினேழு ஆண்டுகள் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள். தைத்து வரும் ஷூக்களில் குறை தேடுவதுதான் வேலை. தோலில் கடுகளவு பூஞ்சைப் புள்ளி இருந்தாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். அப்படிப்பட்டவர் வீட்டுத் தொட்டியில் முளைக்கும் காளானைக் கொஞ்சுகிறாரே என்று நாமெல்லாம் கிண்டல் செய்திருக்கிறோம். "நாள் பூரா டிஃபெக்ட் பாத்து பாத்து பேஜாரா இருக்கு. வீட்லயாச்சும் ரிஜெக்ட் பண்ணாம ஒண்ண பாக்குறேனே," என்பார்.

மணி பிளான்ட் தொட்டியில் மஞ்சள் குடை முளைத்ததும் பதறிப்போய் மண்ணோடு கொட்டப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்! "செடிக்கு ஒண்ணும் ஆவாது. கொழந்தைங்க வாயில வெக்காம பாத்துக்கோங்க. ரெண்டு நாள் இருந்துட்டு போவட்டும்" என்று அவர் குரல் வரும். ஆனால் பாதிப் படங்களுக்கு அவர் பதில் "தெரியல" என்பதுதான். எனக்கு எரிச்சலாக இருக்கும். எல்லாம் தெரிந்தவர் என்று ஊரெல்லாம் நான் பீற்றிக்கொண்டிருக்க, இவர் கூச்சமே இல்லாமல் இப்படிச் சொல்கிறாரே! கேட்டால், "தெரியலன்னு சொன்னா இன்னா கொறைஞ்சா போய்டுவேன்?" என்று சிரிப்பார்.

காளான் குடையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெள்ளைத் தாளிலும் மறு பாதியைக் கழிவில் எடுத்த கறுப்புத் தோல் துண்டிலும் கவிழ்த்து டம்ளரால் மூடிவைப்பார். மறுநாள் அடியில் தூள் படிந்திருக்கும். வெள்ளைத் தூள் கறுப்பில் தெரியும், மற்ற நிறங்கள் தாளில் தெரியும். அதற்கு அவர் வைத்த பெயர் பிரிண்ட்; எந்தக் காளான் என்று கண்டுபிடிக்க அந்த நிறம்தான் உதவும்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. வீட்டில் கறி கிடையாது. மொட்டைமாடியில் கறிவேப்பிலைத் தொட்டி நிறைய வெள்ளை வெளேரென்று பெரிய பெரிய குடைகள். அக்காவோடு இத்தனை வருடம் இருந்தவளுக்குத் தெரியாதா என்ற திமிர் எனக்கு. காளான் பிரியாணி செய்து அவரையும் சாப்பிடக் கூப்பிட்டேன். தம் போட்டாயிற்று. என் பிள்ளைகள் இருவரும் தட்டோடு உட்கார்ந்துவிட்டார்கள். உள்ளே வந்த அக்கா, மேடையில் மிச்சமிருந்த ஒரு குடையைப் பார்த்தார்.

"எங்க வாங்கின?"

"வாங்கலக்கா. நம்ம தொட்டியிலயே மொளைச்சுது."

"பிரிண்ட் எடுத்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவரே அடுப்பை அணைத்தார்.

"வெள்ளையாதானேக்கா இருக்கு?" என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

"பேர் தெரியாதத பசங்க தட்டுல வெக்காத. என் மேல கோவம்னா அப்புறம் திட்டிக்கோ."

நாங்கள் நால்வரும் தயிர் சாதம் சாப்பிட்டோம். எனக்கு அவர் மேல் கோபம்தான். ஆனாலும் மிச்சமிருந்த குடையை அவர் செய்வதுபோலவே வெட்டிக் கவிழ்த்து மூடிவைத்தேன். மறுநாள் டம்ளரை எடுத்தபோது தாளில் பச்சையாகத் தூள் படிந்திருந்தது. படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "விஷம்மா அது. தின்னவங்க வாந்தியெடுத்தே சுருண்டுடுவாங்க." பிள்ளைகளின் தட்டுகள் நினைவுக்கு வந்து அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். திங்கட்கிழமை மேசையில் யாரோ, "விருந்து எப்பிடி?" என்று கேட்டார்கள். என் மானம் போகப்போகிறது என்று தலையைக் குனிந்துகொண்டேன். "தயிர் சாதம் பிரமாதம். ஊறுகாதான் கம்மி," என்றார் அக்கா. சாகும்வரை அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் கொடுத்த கறுப்புத் தோல் துண்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பதில் வராத அந்தப் பழுப்புக் காளான் இரண்டு நாளில் சுருங்கி மண்ணோடு போய்விட்டது. இனி நீதான் சொல்ல வேண்டும் என்று குழுவில் சிலர் எழுதினீர்கள். நேற்று ஒருவர் துளசித் தொட்டியில் முளைத்ததைப் படமெடுத்து, "சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தார். கடையில் விற்கும் காளான் போலவே இருந்தது. பெயரைக்கூடத் தட்டச்சு செய்துவிட்டேன். பிறகு அழித்துவிட்டு எழுதினேன்: "தெரியல. சாப்பிடாதீங்க."

ஒன்றும் குறைந்து போகவில்லை, அக்கா.