தலைவர் இல்லாத வீடுகள்

கடலூரில் மீனவக் குடும்பங்களுக்கான ஒரு தொண்டு அலுவலகத்தில் பதிவுகளைக் கவனிப்பவர் அவர். ஒடிசலான பெண்மணி, யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிப்பார்.

எந்தத் தகவல் எதோடு சேரும் என்று காட்டும் அவர்களுடைய டேட்டாபேஸ் வரைபடத்தைப் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாற்றித்தர, சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். பழையதில் ‘குடும்பம்’ கட்டத்தையும் ‘குடும்பத் தலைவர்’ கட்டத்தையும் ஒரு புள்ளிக்கோடு இணைத்தது. தலைவர் இல்லாமலும் இருக்கலாம் என்று அர்த்தம். மாற்றியதும் அது முழுக்கோடாகிவிட்டது. தலைவர் பெயர் இல்லாத வீடு இனி பதிவுக்குள்ளேயே போகாது. எத்தனை முறை திருத்தினாலும், திறக்கும்போது மறுபடி முழுக்கோடுதான்.

“தேவனாம்பட்டினத்துல அப்பா அம்மா ரெண்டு பேரும் இல்லாத வீடு இருக்கு சார். பசங்க மட்டும்தான் இருக்குதுங்க” என்றார்.

“ஏதாவது ஒரு பேரைப் போட்டுடுங்க மேடம். எனக்கு வேற வழி தெரியல.”

“யாரு பேரை சார் போடுறது?”

அவர் மூடியைக் கடித்தார்.

கடைசி நாள் சரிபார்த்தேன். அப்படிப்பட்ட வீடுகள் அத்தனைக்கும் ஒரே தலைவர். அந்தப் பெண்மணியின் பெயர்.

தவறு என்று குறித்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘பிழை எதுவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், பிழை என் பக்கமா, அவர் பக்கமா என்று எனக்கு விளங்கவேயில்லை.