காந்தக் குகையின் கதவுக்காரி

ஸ்கேன் அண்ணனைப் பற்றி எங்கள் ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்டாலும், பாவம், நல்ல மனுஷன், கொஞ்சம் கவனக்குறைவு என்பார்கள். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினாறு வருஷத்தில் ஒரு குண்டூசியைக்கூட அந்த அறைக்குள் விடாத ஆள் அவர். கவனக்குறைவாம்! அந்த வார்த்தை இருக்கிற தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதனால் அவர் கதையை நான்தான் சொல்ல வேண்டும்.

அவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவர். நான் அந்த அறையின் வாசலில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களிடம் படிவத்தை நீட்டி, மோதிரம், சாவி, பெல்ட் எல்லாவற்றையும் கழற்ற வைத்து, உடம்புக்குள் ஆணியோ தகடோ உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் கதவைத் திறப்பது என் வேலை. அதனால் எனக்கு அவர் வைத்த பெயரே கதவு. "ஏய் கதவு, அடுத்த ஆளை அனுப்பு" என்பார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அவர் கூப்பிட்டால் மட்டும் சிரிப்பு வரும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் தன் வீட்டு மேஜையைத் துடைத்துவிட்டுப் பகடைகளோடு உட்கார்ந்துவிடுவார். வாயாலேயே ஆடுகிற கதை விளையாட்டு, ஆளுக்கொரு வேஷம். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், மந்திரவாதி. கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் டெய்லர், திருடன். நான் தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட போர்க்காரி. அண்ணன் ஒரு பாதாளக் குகையை வரைந்து வைத்திருப்பார். டன்ஜன் என்பார் அதை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். வீட்டில் மாமியார் முன்னால் வாயைத் திறக்காத நான், அந்த மேஜையில் கோடாலியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நுழைவேன்.

எங்கள் மேஜையில் ஒரு வழக்கம் இருந்தது. வாயால் சொல்லிவிட்டால் செய்த மாதிரிதான். நாக்கு குழறிவிட்டது, யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்றெல்லாம் பின்வாங்க முடியாது. "சொன்னது சொன்னதுதான்" என்று சொல்லி அண்ணன் பென்சிலால் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார். அதற்கு அப்புறம் யார் கெஞ்சினாலும் நடக்காது.

காந்தக் குகையை அவர் ஒரு வருஷமாக வரைந்தார். எல்லாம் எங்கள் படிவத்தில்தான். தப்பாக அச்சடித்து வந்த ஒரு கட்டுப் படிவத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு, இரண்டு ஸ்கேனுக்கு நடுவே கிடைக்கிற ஐந்து நிமிஷத்தில் பின்பக்கம் வரைவார். 'உங்கள் உடம்பில் இரும்பு உள்ளதா?' என்பது முன்பக்கம். திருப்பினால் குகை.

முதல் அறையில் ஒன்றுமே தெரியாது. மரப்பாலம் மட்டும் லொடலொடவென்று ஆடும். அதிலிருந்த ஆணிகளெல்லாம் எப்போதோ பறந்துபோய்விட்டன என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது அறையில் கவசம் போட்ட எலும்புக்கூடுகள் சுவரில் முதுகு ஒட்டித் தொங்கும். ஊசிக்கு ஒன்று, கத்திக்கு மூன்று, கவசத்துக்குப் பத்து என்று ஒவ்வொரு இரும்புக்கும் ஒரு எண். ஒவ்வொரு அறை தாண்டும்போதும் அது இரண்டு மடங்காகும். பகடையில் அதைவிடக் குறைவாக விழுந்தால் இரும்பும் போகும், அதை மாட்டியிருக்கிற ஆளும் போவான். கத்தரிக்கோலை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று டெய்லர் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டார். நீங்க இங்க டெய்லர் இல்ல, திருடன் என்று அண்ணி சொல்லிப் பார்த்தார். திருடனானால் என்ன, கை பழகிய சாமான் வேண்டாமா என்றார் அவர்.

ஆனால் குகையின் உயிரே சத்தத்தில்தான் இருந்தது. உள்ளே எப்போதும் டமடமவென்று ஒரு இடி கேட்டுக்கொண்டே இருக்கும். திடீரென்று அது நிற்கும். காந்தம் தூங்கிவிட்டது என்று நினைத்து எவன் இரும்போடு உள்ளே போகிறானோ அவன் தொலைந்தான். சத்தத்துக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது. இது அண்ணன் கற்பனை பண்ணியதில்லை, எங்கள் மெஷினும் அப்படித்தான். சத்தம் போடுவது படம் எடுக்கும்போது மட்டும். காந்தம் கரண்ட் போனாலும் இழுக்கும், லீவு நாளிலும் இழுக்கும்.

ஒத்திகை ஆட்டத்தில் அந்தப் பொறியில் முதலில் விழுந்தது நான்தான். சத்தம் நின்றுவிட்டதே என்று கவசத்தோடு நுழைந்தேன். மூன்றாவது அறையில் என் போர்க்காரி சுவரோடு அப்பளமானாள். டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. "வருஷக்கணக்கா வாசல்ல உக்காந்திருக்க, நீயே ஏமாந்துட்டியே கதவு" என்றார். மறுவாரம் மூன்றாவது அறை வாசலில் ஒரு காவல்காரியை வைத்துவிட்டார். என்னைப் போலவே கொண்டை, என்னைப் போலவே புருவத்தைத் தூக்கி, இரும்பு இருக்கா என்று கேட்பாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அது நடந்தது.

ஆஸ்பத்திரி முதலாளியின் மருமகன், அவரும் டாக்டர்தான், தனக்கு வேண்டப்பட்ட ஒரு பெரியவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து அவரே தள்ளிக்கொண்டு வந்தார். பெரியவரின் கால்மாட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர். இரும்பு சிலிண்டர். அண்ணன் உள்ளே படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தார். படிவத்தை எடுத்தேன். "மெஷின்தான் ஓடலையே, சத்தமே இல்ல. தொறம்மா" என்றார் டாக்டர்.

எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும், இதே காரணத்துக்காக மேஜையில் செத்தவள் நான். வேண்டாம் சார் என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். திறந்துவிட்டேன்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார், கையைத் தூக்கி நிறுத்து நிறுத்து என்று கத்தினார், ஓடிவந்து வண்டியை வெளியே தள்ளினார். பெரியவருக்கு ஒரு கீறல் இல்லை. சிலிண்டர் எழும்பிப் போய் மெஷினின் வாயில் மோதியபோது நடுவில் அண்ணனின் வலது கை இருந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் மேனேஜர் ஒரு தாளைத் தயாராக அடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே இருந்தவர் வரச்சொல்லிக் கையசைத்தார், அதைப் பார்த்துத்தான் திறந்தேன், அவரது கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது என்று இருந்தது. டாக்டர் பெயர் மருந்துக்குக்கூட இல்லை. கை அசைந்தது உண்மைதானே என்றார் மேனேஜர். கையெழுத்துப் போட்டேன்.

அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். கடைசி விசாரணையில் என்னை நேரில் கேட்பார்கள் என்று சொன்னார்கள். அங்கே நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை திரும்பும். சொல்லாவிட்டால் போகும். விரல் மடங்காத கையோடும், ஆளைக் கவனக்குறைவு என்று சொல்கிற தாளோடும் போனால் வேறெந்த ஊர் ஆஸ்பத்திரி சேர்த்துக்கொள்ளும்?

விசாரணைக்கு முந்தின நாள் ஞாயிறு. குகை முடிந்துவிட்டது, வா என்று அண்ணனே போன் பண்ணினார். என் கையெழுத்திட்ட தாளின் நகல் அவரிடம் இருந்தது எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை அதைப் பற்றிக் கேட்கவில்லை. வரைய முடியாததால் அவர் சொல்லச் சொல்ல அண்ணி வரைந்திருந்தார். அண்ணி டீயை என் முன்னால் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

கவசத்தையெல்லாம் வெளியிலேயே கழற்றிவிட்டு மூங்கில் தடியோடு நுழைந்தோம். டெய்லர்கூடக் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்தார். பாலம் தாண்டினோம், எலும்புக்கூடுகளைத் தாண்டினோம். இடிச்சத்தம் நின்றது. மூன்றாவது அறை வாசலில் அண்ணன் என்னைப் பார்த்து, இங்கே மட்டும் நீ காவல்காரியாகப் பேசு என்றார். ராஜாவின் மருமகன் இரும்பு வண்டியோடு வருகிறான். குகைதான் தூங்குகிறதே, கதவைத் திற என்கிறான்.

"என்ன பண்ற கதவு?"

டெய்லர் குனிந்துகொண்டார். அண்ணியின் பென்சில் நின்றுவிட்டது.

"தொறக்க மாட்டேன். சத்தம் நின்னாலும் காந்தம் நிக்காது. ராஜாவே வந்தாலும் தொறக்க மாட்டேன்."

அண்ணன் இடது கையால் பென்சிலை வாங்கி மேஜையைத் தட்டினார். "சொன்னது சொன்னதுதான்" என்றார். ஒரு வருஷமாக யாரும் தாண்டாத குகையை அன்றைக்குத் தாண்டினோம். அண்ணி எழுந்துவந்து என் தலையைத் தடவிவிட்டுப் போனார். நான் அழுதேன். அவ்வளவு நல்லவளாக என்னை நான் அதற்கு முன்னும் நினைத்ததில்லை, பின்னும் நினைத்ததில்லை.

படியிறங்கும்போது அண்ணன் வாசல்வரை வந்தார். "நாளைக்கும் இதையே சொன்னாப் போதும் கதவு."

"சொல்றேண்ணே."

மறுநாள் நிர்வாக அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தது அந்த டாக்டர். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எதிர்ப்பக்கம் அண்ணன், சலவை செய்த சட்டை, மடியில் கட்டுப்போட்ட கை. என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார்.

உள்ளே இருந்தவர் கையசைத்தாரா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதைப் பார்த்துத்தான் திறந்தீர்களா என்று கேட்டார்கள். டாக்டர் பேனாவை மூடினார்.

"ஆமா சார்."

காரணம் இருந்தது. அப்போது வீட்டுக்காரருக்கு வேலை இல்லை, வீடே என்னை நம்பித்தான் இருந்தது. யாருக்குத்தான் காரணம் இல்லை? அண்ணன் வீட்டுக்கும் அவர் ஒருத்தர்தான் சம்பாதிக்கிறவர். எந்தச் சமாதானமும் எனக்கு ஒட்டவில்லை. நான் துரோகிதான்.

அண்ணன் இப்போது டெய்லர் கடையில் அளவு எழுதுகிறார், இடது கையால். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருப்பக்கம் நான் போவதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து, போன வாரம், கை நரம்புக்கு ஸ்கேன் எடுக்கச் சீட்டோடு அவர் வந்தார். ஊரில் வேறு மெஷின் கிடையாது. மற்ற நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். முறை வந்ததும் படிவத்தை நீட்டினேன். மெதுவாக, ஒரு கட்டம் விடாமல் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்.

கேள்விகளை வாயாலும் கேட்டாக வேண்டும், அது விதி. அவர் எனக்குக் கற்றுக்கொடுத்த விதி. மோதிரம், சாவி, பெல்ட் என்று ஆரம்பித்தேன்.

"கழட்டிட்டேன் மேடம்."

உடம்புக்குள் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

"கையில தகடு வச்சிருக்காங்க மேடம். இந்த மெஷினுக்கு ஒத்துக்கும்னு சீட்டுல எழுதியிருக்கு, பாருங்க."

படிவத்தைப் பழக்கத்தில் பின்பக்கம் திருப்பிவிட்டேன். வெறும் வெள்ளை. அண்ணே என்றேன், அவருக்குக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கதவத் தொறக்கறீங்களா மேடம்?"

திறந்தேன்.