அலட்டல்

கண்ணாடி வெட்டுகிறவருக்குப் பேத்தி பிறந்தாள். அதிலிருந்து கடைக்கு வருகிற எவரும் ஜன்னல் அளவைச் சொல்லுமுன் குழந்தையின் எடையைக் கேட்டாக வேண்டியிருந்தது.

"என்னையப் பாத்தாத்தான் சிரிக்கிறா" என்றார்.

கடையில் மரச்சட்டம் அடிக்கிறவர் தலை நிமிராமல், "அது வயித்துல காத்துண்ணே" என்றார்.

நம் ஆள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். நகத்திடுக்கில் கண்ணாடித்தூள் ஏதும் இருந்துவிட்டால்? திரும்பவும் தேய்த்தார். சட்டையை மாற்றிக்கொண்டு மகளிடம் கையை நீட்டினார்.

"ஆளுயரக் கண்ணாடிய ஒரு கீறல் படாம மூணு மாடி ஏத்துன கை. குடு."

"ரொம்ப அலட்டிக்காதீங்கப்பா" என்றாள் மகள்.

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. யார், அவரா அலட்டுகிறார்? புது வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே நோயாளியைப் பார்க்கப் போனாரே மச்சினர், அதல்லவா அலட்டல்? அலட்டல் என்பது அடுத்தவர் செய்வதாயிற்றே.

அப்புறம் அவர் தொட்டில் பக்கமே போகவில்லை. குழந்தை அழுதால் கை பரபரக்கும். உடனே செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொள்வார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் பக்கத்தை மட்டும் சரசரவென்று திருப்புவார்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, அப்பா ஏன் பாப்பாவத் தொடவே மாட்டேங்குறாரு?"

"நீ அவர அலட்டல்னு சொல்லிட்டியாமே. அடுப்படியில வந்து ஒரே புலம்பல்."

"ஐயோ, கையத் தேய்ச்சுத் தேய்ச்சு செவந்து போச்சேன்னு சொன்னேம்மா. அவ்வளவு மெனக்கெட வேணாம்னு."

செய்தித்தாள் மெல்ல இறங்கியது. "அலட்டிக்காதன்னா, பந்தா பண்ணாதன்னுதானே அர்த்தம்?"

"அப்படியும் சொல்லலாம். போட்டு மனச ஒழப்பிக்காதன்னும் சொல்லலாம்ப்பா. நீங்க ஏன் பந்தாங்கறத எடுத்துக்கிட்டீங்க?"

"எது பொருந்துச்சோ அத எடுத்துக்கிட்டாரு" என்றாள் மனைவி.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மகள் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் விட்டாள். பேத்தி ஒரு கொட்டாவி விட்டுத் தூங்கிப்போனாள். இவருக்குக் கால் மரத்தது, மூக்கு அரித்தது. அசையவில்லை.

"சாப்பிட வாங்க" என்றாள் மனைவி.

"எப்படி வர்றது? நான் கீழ விட்டா முழிச்சுக்குவா" என்றார், கிசுகிசுப்பாக.

"ரொம்ப அலட்டிக்காதீங்க."

"இது எந்த அர்த்தத்துல?"

"ரெண்டுந்தான்."

சரி என்று தலையாட்டினார். தலையை மட்டும், மடி ஆடாமல்.