பெட்டியக்காவின் இரண்டு வாடகை

பெட்டியக்காவுக்கு அந்த வருடம் இரண்டு இடம் தேட வேண்டியிருந்தது. ஒன்று தையல் மெஷினுக்கு. இன்னொன்று இணையதளத்துக்கு. முதலாவதையாவது கண்ணால் பார்த்து, சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து வாடகை பேச முடிந்தது.

பை, சூட்கேஸ் பழுது பார்ப்பது அவள் தொழில். அறுந்த வார், கழன்ற சக்கரம், பல்லிளித்த ஜிப், எல்லாம் அவளிடம்தான் வரும். கடை தெருமுனையில், பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே இருந்தது. இறங்குகிறவர் கையில் பெட்டி இல்லாமல் கைப்பிடி மட்டும் இருந்தால், நிமிர்ந்து பார்த்தாலே அக்கா தெரிவாள். அதனால் அவளுக்கு விளம்பரம் தேவைப்பட்டதில்லை. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்றார்கள். அவள் கையைக் கடிக்காத வாடகைக்குக் கிடைத்தது பின்சந்தில் ஒரு மூன்றாம் மாடி. சந்துக்குள் நுழைந்து, மருந்துக்கடையை ஒட்டித் திரும்பி, அச்சகத்தின் நீலக் கேட்டைத் தாண்டிப் பின்பக்கமாகப் படியேற வேண்டும். வாயால் சொன்னால் யாருக்கும் புரியாத வழி. ஆள் வராவிட்டால் மெஷினை விற்றுவிட்டு, முன்பு வேலை பார்த்த பை கம்பெனிக்கே திரும்ப வேண்டியதுதான். சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு கழிப்பறைக்குப் போன காலத்தை அவள் மறந்துவிடவில்லை.

அதனால் வழியைப் படம் பிடித்தாள். சந்து முனை, மருந்துக்கடை, கேட், படி, கடைசியில் தன் கதவு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி. ஈ ஓட்டிய மத்தியானங்களில் இலவசப் பாடங்களைப் பார்த்து இணையப் பக்கம் எழுதக் கற்றிருந்தாள்.

"இதெல்லாம் எப்படி உன் மண்டையில ஏறுது?" என்றார் கணவர். பஸ் டிரைவர்.

"ஒண்ணுமில்ல. ஒரு அடைப்புக்குறியத் திறந்தா மூடணும், அவ்வளவுதான். நடுவுல ஒண்ணு மூடலைன்னா மொத்தமும் வாயப் பொளந்துடும். ஜிப்பு மாதிரிதான்."

அவருடைய தங்கை ஓர் ஆபீசில் கணக்குப் பார்ப்பவள். அண்ணியின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இந்தக் காலத்துல யாராவது கையால எழுதுவாங்களா அண்ணி? எல்லாம் ரெடிமேடா கிடைக்குது. மாசாமாசம் கட்டினா போதும்."

"மாசாமாசம் கட்ட முடியாமத்தானே மூணாம் மாடி ஏறறேன்!"

எழுதியாகிவிட்டது. அதை உலகம் பார்க்கிற மாதிரி வைக்க ஒரு இடம் வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் முதல் வருட வாடகையைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டாம் வருடத்துக்கு எறும்பு எழுத்து. அதில் வாடகை மூன்று மடங்காகியிருந்தது. மெயிலுக்கு, பூட்டுக்கு, நகல் எடுத்து வைக்க என்று அவள் கேட்காமலே கட்டங்களில் டிக் அடித்து வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குத் தனி வாடகை, காற்றுக்குத் தனி வாடகை கேட்கிற வீட்டுக்காரர்களை அவளுக்குத் தெரியாதா? எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: "அடுத்த வருஷம் எவ்வளவு?" ஒரு கம்பெனி பூப்படம் அனுப்பியது. இன்னொன்று, சலுகை இன்றோடு முடிகிறது என்று பயமுறுத்தியது.

சாப்பிடும்போது கணவர் கேட்டார். "இடம் அமைஞ்சுதா?"

"எது, ரெண்டாவதா? இன்னும் பாக்கறேன்."

"தண்ணி வசதி இருக்கான்னு கேட்டுக்கோ."

பக்கத்தின் அடியில் போன் நம்பர் போட்டிருந்த ஒரு சின்ன கம்பெனியைப் பிடித்தாள். ஒருவர் உடனே எடுத்தார்.

"உங்க சைட்டுல லாகின், கார்டுல காசு வாங்கறது, அந்த மாதிரி ஏதாவது இருக்கா மேடம்?"

"எழுத்து இருக்கு, படம் இருக்கு. காசை நான் கையில வாங்கிக்குவேன்."

"அப்ப உங்களுக்கு எதுக்கு வீடு? அலமாரியில ஒரு தட்டு போதும்."

அவர் சொன்ன வருட வாடகை, ஒரு சூட்கேஸுக்கு நாலு சக்கரமும் மாற்றுகிற கூலிதான்.

"அடுத்த வருஷம்?"

"இதேதான். ஏத்தறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுவேன்."

ஏற்றவே மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யாததால்தான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. பணத்தைக் கட்டி, எழுதியதையும் படங்களையும் ஏற்றினாள். பழைய கடையின் ஷட்டரில் இணைய முகவரியைப் பெரிதாக எழுதி ஒட்டினாள். இடிக்கிறவர்கள் சுற்றித் தகரம் அடிக்கும்வரை அது கண்ணில் படும்.

அன்று சாயங்காலம் நாத்தனார் தன் போனில் திறந்து பார்த்தாள். "படம் எங்க அண்ணி? படத்துக்குப் பதிலா கிழிஞ்ச காகிதம் மாதிரி ஒரு பொம்மை இருக்கு."

அக்கா தன் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரிந்தது. போனில் ஒன்றுகூட இல்லை. படம் இல்லாவிட்டால் வழியே இல்லை.

"மலிவா புடிச்ச இடமில்ல? அதான் ஒழுகுது," என்றாள் நாத்தனார்.

அக்கா கம்பெனிக்குப் போன் போட்டாள். கம்பெனிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார். "படத்துக்கெல்லாம் எதுல பேர் வச்சீங்க?"

"போன்லதான். ஏன்?"

"இங்கிலீஷ்ல முதல் எழுத்தைப் போன் தானா பெரிசாக்கியிருக்கு. பக்கத்துல நீங்க எல்லாத்தையும் சின்ன எழுத்துல எழுதியிருக்கீங்க."

"எப்படி எழுதினாலும் அச்சகத்துக் கேட்டு கேட்டுதானே?"

"உங்க கம்ப்யூட்டர் போனாப் போகுதுன்னு விட்டுடும். எங்க மெஷினுக்கு ரெண்டும் வேற வேற ஆளு."

"நம்ம பாஷையில பெரிய க, சின்ன க-ன்னு ஏதாவது இருக்கா சார்? க-ன்னா க-தானே?"

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேடம் போய் அக்கா வந்தது. "எங்க சித்திக்கு சைட் போட்டப்ப நானும் இதே சுவத்துலதான் முட்டிக்கிட்டேன்க்கா. எல்லாப் பேரையும் சின்ன எழுத்தாக்கிடுங்க. நடுவுல இடமும் விடாதீங்க."

மாற்றி ஏற்றினாள். நாத்தனாரின் போனில் சந்து முனை வந்தது. மருந்துக்கடை வந்தது. கேட், படி, கதவு. நாத்தனார் விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்காமலா போகும்?

"கதவுப் படத்துல உங்க செருப்பு தெரியுது அண்ணி."

"தெரியட்டும். ஆள் உள்ள இருக்குன்னு அர்த்தம்."

மூன்றாம் மாடியில் முதல் நாட்கள் நல்லபடியாகப் போகவில்லை. மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்; விட்ட எண்ணெயைத் துடைத்தாள். படியில் காலடி கேட்கும். இரண்டாம் மாடியோடு நின்றுவிடும். பழைய கடையைச் சுற்றித் தகரம் அடித்தாகிவிட்டது என்று கணவர் வந்து சொன்னார்.

அப்புறம் ஒரு காலையில், படியில் தடதடவென்று சக்கரமில்லாத பெட்டி இழுபடும் சத்தம் நிற்காமல் மேலே வந்தது. கதவில் நின்றவருக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் போன்.

"என்னம்மா இது? படத்துல கேட்டு நீலமா இருக்கு, இங்க பச்சையா இருக்கு! ரெண்டு தடவ தாண்டிப் போயிட்டேன்."

"பச்சையா? நேத்துகூட நீலமாத்தானே இருந்துச்சு!"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? கையைப் பாருங்க."

அவர் உள்ளங்கையில் பச்சை ஒட்டியிருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கொடுத்து உட்காரவைத்தாள். சூட்கேஸை ஒருமுறை கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அச்சகத்துக் கேட் இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. எட்ட நின்று படம் எடுத்தாள். படத்துக்குப் பெயர் அடிக்கும்போது முதல் எழுத்து வழக்கம்போலத் தானாகப் பெரிதாக எழுந்து நின்றது. அதைத் தட்டிச் சின்னதாக உட்காரவைத்தாள்.

"சக்கரம் இன்னிக்கே கிடைச்சுடுமா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"கிடைச்சுடும், கிடைச்சுடும்! இந்தா வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டே ஏறினாள்.