விருத்தாசலத்தில் பால் வேண்டாம் என்று சொன்னேன்

2008 ஆவணியில், அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நூறு பீங்கான் பொம்மை வாங்க விருத்தாசலம் போனேன். பால், தயிர், நெய், முட்டை எல்லாவற்றையும் விட்டு அன்று பன்னிரண்டாம் நாள். எங்கள் தெருவில் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பால் தொண்டையில் இறங்கவில்லை. முன்பு இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் வெளியூரில்தான் கோட்டை விட்டேன். இந்த முறை முப்பது நாள் முடிக்காவிட்டால் இனி முயற்சியே கிடையாது என்று எனக்கு நானே கெடு வைத்திருந்தேன்.

சிதம்பரத்தில் காலை 9.10க்கு பஸ். சுமார் 45 கிலோமீட்டர், பதினான்கு ரூபாய். வழியில் சேத்தியாத்தோப்பில் பத்து நிமிடம் நின்றது. பால் இல்லாமல் டீ கேட்டேன். பால் இருக்குதுங்க, இப்பதான் காய்ச்சினேன் என்று கடைக்காரர் பெருமையாக ஊற்றிவிட்டார். வேண்டவே வேண்டாம் என்றதும் பால் கம்மியாக இன்னொன்று வந்தது. இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

10.50க்குப் பொம்மை செய்யும் பட்டறைக்குப் போனால், சூளை இன்னும் ஆறவில்லையாம், நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் திறப்பார்களாம். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்டு அத்தனையும் விரிசல் விடுமாம். சரி, இதைப் போனில் கேட்டபோதே சொன்னால் என்ன? தலையெழுத்து என்று 150 ரூபாய்க்கு லாட்ஜில் அறை எடுத்தேன்.

முதலில் போன சைவ ஓட்டலில் பருப்பில் நெய், கூட்டில் பால். பால், நெய் இல்லாமல் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, முட்டைகூட உள்ளே விடாத கடை இது என்று முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் பட்டறைக்காரர்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்குப் போனேன். அதை நடத்தும் ரோஸ்லின் அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, என் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"மஞ்சக்காமாலையா? பத்தியமா இருக்கீங்களா?"

பசி. தலையாட்டிவிட்டேன். அதற்குமேல் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை! ஆனால் வந்தது உப்பு, புளி, எண்ணெய் எதுவுமில்லாத வெந்த சுரைக்காயும் சோறும். ராத்திரியும் அதே சுரைக்காய். என் வாயால் நானே கெட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு லாட்ஜ் வாசலில் அக்கா, கையில் மூடிய டம்ளர்.

"கீழாநெல்லிம்மா. வாய்க்கா ஓரம் பறிச்சு அரைச்சு மோர்ல கலக்கியிருக்கேன். வெறும் வயித்துல குடிங்க. எங்க வூட்டுக்காரரு இதுலதான் பொழைச்சாரு."

நோய் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் புடவை ஓரம் முழுக்கச் சேறு. மருந்துக்குக் காசு வாங்கவும் மாட்டேன் என்றார். வெட்கமாக இருந்தது. குடித்தேன். பன்னிரண்டு நாள் ஒரே மடக்கில் போனது.

போகிறவர்கள் சூளை திறக்கும் நாளை இரண்டு தடவை கேட்டுக்கொண்டு போங்கள். அவலும் வேர்க்கடலையும் பையில் இருக்கட்டும். ஓட்டலில் என்ன வேண்டாம் என்று சொல்லாதீர்கள், என்ன வேண்டும் என்று சொல்லுங்கள். யார் கேட்டாலும் பத்தியம் என்று மட்டும் தலையாட்டாதீர்கள், பின்னாலேயே மருந்து வரும்.

பொம்மைகள் நூறும் விரிசல் இல்லாமல் வீடு வந்தன. எனக்கு நானே வைத்த கெடுவைத் தூக்கி எறிந்துவிட்டு, காலண்டரில் மறுபடி ஒன்று என்று எழுதினேன். ஒன்றாம் நாள் சமையல் சுரைக்காய்தான், உப்புப் போட்டு.