சின்னவள் செய்த வெள்ளம்

என் வீட்டுக்காரரின் தங்கையை நாங்கள் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். வயது முப்பத்தெட்டு. இன்னும் சின்னவள்தான். எங்கள் வீட்டின் பின்னறையில் இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு கட்டிலுமாகக் குடியிருக்கிறாள். அவளுக்கு என்ன வேலை என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் முன்பெல்லாம் "ஏதோ கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன். அவள் ஆட்களை மூழ்கடிக்கிற வேலை பார்க்கிறாள்.

அப்படி ஆகவேண்டும் என்று அவள் ஆரம்பிக்கவில்லை. காப்பாற்றத்தான் ஆரம்பித்தாள்.

கேம் செய்கிற கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். அதில் பத்து வருடம் அடுத்தவர்கள் கேமுக்குக் கதவு செய்தாள். திறக்காத கதவு. தெரு நெடுக வீடு இருக்கும், ஒன்றுக்குள்ளும் போக முடியாது. அந்தக் கதவில் விரிசல், துரு, நாய் பிறாண்டிய கோடு என்று மாதக்கணக்கில் இழைப்பாள்.

"தொறக்காத கதவுக்கு எதுக்குடி இவ்வளவு வேலைப்பாடு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"உள்ள யாரோ இருக்காங்கன்னு தோணணும் அண்ணி."

"இருக்காங்களா?"

"இல்ல."

அப்புறம்தான் அவளுக்கென்று ஒரு பள்ளத்தாக்கு கொடுத்தார்கள். இந்த மாதிரி கேமில் காடு, மலை, ஊர் எல்லாம் கட்டி நடுவில் ஆளை விட்டுவிடுவார்கள். அவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் நோண்டலாம். சின்னவளின் பள்ளத்தாக்கில் ஒரு ஆறு, கரையில் ஒரு சின்ன ஊர், முப்பத்தோரு பேர். மேலே மலையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்திய பழைய சுவர் ஒன்று. அந்தச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. அதை ஆடுகிறவனுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். அவனாகப் பார்த்து, அவனாகக் கேட்டு, ஏதோ சரியில்லை என்று உணர்ந்து வீடு வீடாகப் போய்த் தட்டினால் ஊரே மலையேறித் தப்பித்துவிடும். இல்லாவிட்டால் முப்பத்தோரு பேரும் போவார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு அம்பு, ஒரு எழுத்து, எதுவும் ஸ்கிரீனில் வராமல் மனுஷனுக்குத் தானாகப் புரியவேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் போதும் என்று இரண்டு வருடம் உயிரைக் கொடுத்தாள்.

ஒரு காலையில் குளியலறை வாசலில் ஒலி பிடிக்கிற கருவியோடு நின்றாள்.

"அண்ணி, வாளி நெறைஞ்சிடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? நீங்க அடுப்படியில இருக்கீங்க."

"காது இருக்குல்ல?"

"அதான். காதுக்கு என்ன மாறுது?"

"அடியில விழுறப்போ தடதடன்னு விழும். நெறைய நெறைய சத்தம் மெலிஞ்சு மேல ஏறும். அது தெரியாம எவ குடும்பம் நடத்துவா? குழாயை மூடு மொதல்ல."

மூடவில்லை. மூன்று நாள் வாளி வாளியாக நிரப்பிப் பிடித்தாள். அந்தச் சத்தத்தைத்தான் ஆற்றுக்குள் வைத்தாள். தண்ணீர் ஏற ஏற ஆற்றின் குரலும் மெல்ல ஏறும். முதலில் தவளைகள் நிற்கும். அப்புறம் மரத்தில் இருந்த பறவைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். நாய்கள் வீட்டு வாசலை விட்டு மேட்டில் போய்ப் படுக்கும். தண்ணீர் கலங்கி மண் நிறமாகும். துவைக்கிற கல் முக்கால் தெரியும், பிறகு அரை, பிறகு கால்.

அவளுக்கு மேலே ஒரு அதிகாரி. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் முப்பதடி. முப்பது அடி நடந்தால் ஆடுகிறவன் கைக்கு ஏதாவது ஒன்று கிடைத்தே ஆகவேண்டும் என்பது அவருடைய சட்டம். இல்லையென்றால் ஆள் அலுத்துப்போய்ப் போனைக் கையில் எடுத்துவிடுவானாம். அவர் வீடியோவில் பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"பள்ளத்தாக்கு பிரமாதம்மா. ஆனா காலியா இருக்கே."

"காலி இல்ல சார். முப்பத்தோரு பேர் இருக்காங்க. ஆறு இருக்கு."

"அது சரி. பொறுக்குறதுக்கு என்ன இருக்கு?"

அவரே சொன்னார்: "சிப்பி போடுங்க. ஒரு நாப்பது. ஆத்தங்கரைதானே, பொருத்தமா இருக்கும்."

நாற்பது சிப்பி வந்தது. ஒவ்வொன்றும் மஞ்சளாக மினுங்கும், எடுத்தால் டிங் என்று மணி அடிக்கும். மூலையில் நாற்பதுக்கு எத்தனை என்ற கணக்கு. கீழே வட்டமாக ஒரு குட்டி மேப், அதில் சிப்பி இருக்கிற இடமெல்லாம் மஞ்சள் புள்ளி. மேலே ஆளுக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற பட்டை. நடுவில் அடுத்த சிப்பிக்கு இத்தனை அடி என்று ஒரு அம்பு. ஓரத்தில் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல். மொட்டைமாடி முழுக்கத் துணி காயப்போட்ட மாதிரி ஆகிவிட்டது ஸ்கிரீன். பின்னால் வானம் இருக்கிறதா என்று விலக்கித்தான் பார்க்கவேண்டும்.

பன்னிரண்டு பேரைக் கூட்டி வந்து ஆடவைத்துப் பார்த்தார்கள். அன்று அவள் திரும்பி வந்தபோது முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. பதினோரு பேர் மூழ்கிவிட்டார்கள்.

"ஒருத்தனாவது தப்பிச்சானே," என்றேன்.

"மலை மேல ஒரு சிப்பி இருந்துச்சு அண்ணி. அதைப் பொறுக்கப் போயிருந்தான்."

"மலையில எப்படிடி சிப்பி வரும்?"

"முப்பதடி."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கருத்து எழுதிக் கொடுக்கச் சொல்வார்களாம். கீழே முப்பத்தோரு பேரும் போனதை அறியாமல் அந்த மலைக்காரன் எழுதியிருந்தான்: மேலேயிருந்து பார்க்க ஏரி அழகாக இருந்தது.

அந்தக் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க ஆபீஸ்ல வந்து ஆடுறதெல்லாம் கண்ணு தெரியாத கூட்டம். என்கிட்ட குடு," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சோபாவில் நான், பக்கத்தில் அவள், தரையில் என் வீட்டுக்காரர் பேப்பரோடு. முதலில் சிப்பி, மேப், அம்பு என்று ஸ்கிரீனில் இருந்த அடையாளம் எல்லாவற்றையும் மறைத்துக் கொடுத்தாள். எனக்கு நடக்கவே தெரியவில்லை. இரண்டு முறை சுவரில் முட்டினேன்.

"வண்டி ஓட்டுற மாதிரியே ஆடுறா," என்றார் அவர்.

"நீங்க பேப்பரைப் படிங்க."

மெல்ல நடந்தேன். ஒருத்தி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் வலை பின்னினார். ஐந்து நிமிடம் சும்மா சுற்றியிருப்பேன். திடீரென்று கழுத்துக்குப் பின்னால் ஏதோ சில்லிட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

"ஏன் இப்படி அமைதியா இருக்கு? தவளை கத்திக்கிட்டு இருந்துச்சே." அப்புறம் தண்ணீரின் குரலைக் கேட்டேன். "ஐயோ, இது நெறையுதுடி!" என்று கத்திக்கொண்டே கண்ட கதவையெல்லாம் தட்டினேன். துவைக்கிறவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மலையேறினேன். மேலே நின்று எண்ணினோம். முப்பத்தொன்று. சின்னவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விசும்பினாள். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் திமிர். "இப்போ அந்தக் குப்பையெல்லாம் போட்டுக் குடு. அப்பவும் காப்பாத்திக் காட்டுறேன்," என்றேன்.

தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். எந்தக் கதவுக்குப் பின்னால் யார் என்பதுகூடத் தெரியும். முதல் சிப்பி காலடியிலேயே கிடந்தது. சரி, கிடக்கிறதே என்று எடுத்தேன். டிங். அடுத்தது எட்டே அடியில். டிங். வழியில்தானே இருக்கிறது. டிங். மேப்பில் மஞ்சள் புள்ளி ஒவ்வொன்றாக மறைவதில் ஒரு சுகம் இருந்தது, சிங்கில் கிடக்கிற பாத்திரம் ஒவ்வொன்றாகக் குறைகிற மாதிரி. பத்து எடுத்ததும் கதவைத் தட்டலாம் என்று நினைத்தேன். இருபது ஆனதும் நினைத்தேன். அப்புறம் நினைக்கவில்லை.

துவைக்கிறவள் குழந்தையோடு எழுந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். என்னவோ சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு சிப்பி மினுங்கியது. அவளை இடித்துத் தள்ளிவிட்டு எடுத்தேன். முப்பத்தேழு.

"ஏய், தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு," என்றார் அவர்.

"இருங்க, இன்னும் மூணுதான்."

ஸ்கிரீன் இருண்டது. மூலையில் அந்தக் கணக்கு மட்டும் அணையாமல் நின்றது. நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். அந்தக் குழந்தையை நினைக்கவேண்டிய நேரத்தில் அந்த மூன்று சிப்பி எங்கே இருந்திருக்கும் என்றுதான் என் புத்தி போனது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் கம்பெனிக் கூட்டத்தில் சின்னவள் முப்பதடியிடம் என் கதையைச் சொன்னாள். விளையாட்டே தெரியாத ஒரு வீட்டுப் பொம்பளை அடையாளம் இல்லாமல் ஊரையே காப்பாற்றினாள், அடையாளம் போட்டதும் ஊரையே கொன்றாள் என்றாள். சிப்பியை எடுத்துவிடலாம் என்று கெஞ்சினாள்.

"வேற வழி இருக்கும்மா," என்றார் அவர். "தண்ணி ஏறுறப்போ ஸ்கிரீன் நடுவுல செவப்பா ஒரு எச்சரிக்கை போட்டுடலாம். தீந்துது பிரச்சனை."

அங்கேதான் அவள் வாய் அவளைக் கவிழ்த்தது. பொறுக்க முடியாமல் வெடித்தாள்: "ஒண்ணு பண்ணுங்க சார். கடைசி மூணு சிப்பியைத் தண்ணி கழுத்துக்கு வந்தப்புறம் காட்டுங்க. ஊரு மொத்தமும் செத்தாத்தான் அது கண்ணுக்கே தெரியும்னு வச்சிடுங்க. இன்னும் நல்லா ஆடுவாங்க!"

எங்கள் வீட்டில் குத்திப் பேசினால் குத்து என்று புரியும். அந்தப் பேச்சு அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. அந்தக் கூட்டத்தில் அதைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு முப்பதடி மெதுவாகச் சொன்னார்: "இது... ரொம்ப நல்லாருக்கே."

அவள் மறுத்துப் பார்த்தாள், கிண்டலாகச் சொன்னேன் என்றாள், அழுதாள். தன்னடக்கம் என்று பாராட்டினார்கள். கடைசியில் அவள் வாங்கியது ஒன்றே ஒன்று. வேண்டுமென்றால் எல்லா அடையாளத்தையும் மறைத்துக்கொள்ள ஒரு பொத்தான். "நூத்துல ஒருத்தன் அமுக்கினாப் போதும் அண்ணி. அவனுக்கு ஆறு கேட்கும். அவனுக்காகத்தான் இத்தனை வருஷம்," என்றாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் கேம் வெளிவரும் வரை நடமாடினாள்.

வெளிவந்தது. எல்லோரும் அவளுடைய பள்ளத்தாக்கைப் பற்றித்தான் பேசினார்கள். ஆடுகிறவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வெள்ளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவரைக்கூட எச்சரிப்பதில்லை. எச்சரித்தால் மூன்று சிப்பி வராது. காத்திருக்கப் பொறுமை இல்லாத ஒருவன் மேலே ஏறிப் போய்ச் சுவரைத் தானே உடைப்பது எப்படி என்று கண்டுபிடித்துப் படம் எடுத்துப் போட்டான். அதைப் பார்த்து மற்றவர்களும் உடைக்கிறார்கள்.

"உன் பொத்தானைப் போட்டு நீயே ஒரு தடவை ஆடிப் பாரு. மனசு ஆறும்," என்று நான்தான் சொன்னேன்.

போட்டாள். எல்லா அடையாளமும் மறைந்தது. பள்ளத்தாக்கு பளிச்சென்று தெரிந்தது. ஆற்றங்கரையில் நின்றாள். நாங்கள் காத்திருந்தோம். தவளைச் சத்தம் இல்லை. முதலிலிருந்தே இல்லை. மரத்தில் பறவை இல்லை. நாய்கள் வாசலிலேயே படுத்திருந்தன. ஆறு ஒரே குரலில், மின்விசிறி ஓடுகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

அவள் அங்கேயே கம்பெனிக்குப் போன் போட்டாள். சிப்பியின் டிங் சரியாகக் கேட்கவில்லை என்று தண்ணீர்ச் சத்தத்தை மாற்றிவிட்டார்களாம். சிவப்பு எச்சரிக்கைதான் இருக்கிறதே, தவளை, பறவை, நாய் மேட்டுக்குப் போவது, தண்ணீர் கலங்குவது, கல் முங்குவது எல்லாம் எதற்குச் சுமை என்று எடுத்துவிட்டார்களாம். எல்லாம் அவளுக்கு அனுப்பிய மாற்றங்களின் பட்டியலில் இருக்கிறதாம். போய்ப் பார்த்தாள். இருந்தது, இருநூறு வரிக்கு நடுவில் நூற்றுப் பத்தாவது வரியாக. வந்த அன்றே வரி வரியாகச் சரி, சரி என்று டிக் போட்டுக்கொண்டே போயிருந்தாள்.

திரும்பி வந்து ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தாள். துவைக்கிறவள் துவைத்துக்கொண்டிருந்தாள். கிழவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

"ஏறுதா அண்ணி?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

"தெரியலையேடி."

"எனக்கும் தெரியல," என்றாள். ஆற்றைச் செய்தவள் அவள்.

கொஞ்ச நேரம் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அடையாளங்களை மறுபடி போட்டாள். ஸ்கிரீன் நடுவில் சிவப்பு எழுத்து துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தண்ணீர் இடுப்பு வரை வந்திருப்பது எங்களுக்குத் தெரிந்தது.